புது லாக் நட் என்று பணம் வாங்கிக்கொண்டு பழைய நட்டைத் தட்டி மாட்டினார்கள்: ராக்கர் வேலைக்குக் கொடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

நேற்று முன்தினம் மாலை என் வண்டியின் எஞ்சினில் ஒரு ராக்கர் நட் (வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர் என்ற கையைப் பிடித்திருக்கும் நட்) முழுவதுமாகக் கழன்று விழுந்தது. ராக்கரைத் தள்ளும் கம்பியான புஷ்ராடு வளைந்து, நட் ஏறி நிற்கும் தண்டான ஸ்டட்டின் மரை சிதைந்து, வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. அந்த நட், ஒன்பது வாரங்களுக்கு முன்பு "புதிது" என்று என்னிடம் பணம் வாங்கி மாட்டப்பட்டது. மாட்டியது, எஞ்சின் பாகங்களை விற்று அவற்றைத் தாங்களே பொருத்தியும் கொடுக்கும் ஒரு பட்டறை. அங்கே கொடுத்த கூலியும், அவர்கள் செய்த வேலையால் இப்போது வேறிடத்தில் கொடுக்கும் செலவுமாக, என் ஒன்றரை மாதச் சம்பளம் போய்விட்டது. கோபம் ஆறுவதற்கு முன்பே இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என்னுடையது பழைய நான்கு சிலிண்டர் எஞ்சின். எட்டு வால்வுகளுக்கு எட்டு ராக்கர்கள். ஒவ்வொரு ராக்கரும் தனித்தனி ஸ்டட்டின் மேல், ஒரே ஒரு நட்டின் பிடியில் நிற்கிறது. இந்த நட்டை மற்ற நட்டுகளைப் போல நினைப்பதுதான் முதல் தவறு. சாதாரண நட்டை இறுக்கி முட்டவிடுவோம்; அந்த இறுக்கமே அதைக் கழலாமல் காக்கும். ராக்கர் நட்டை அப்படி இறுக்கவே முடியாது, ஏனென்றால் டேப்பெட் இடைவெளியை, அதாவது வால்வு மூடியிருக்கும்போது ராக்கருக்கும் வால்வு முனைக்கும் நடுவே விடும் சிறு இடைவெளியை, வைப்பதே அந்த நட்தான். மரையின் நடுவில், அளவு சரியாக வந்த இடத்தில், எதன் மீதும் முட்டாமல் அது நிற்க வேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது, ஒவ்வொரு முறையும் நட்டுக்குக் கீழே ராக்கர் ஆடுகிறது. ஆகவே மரையைக் கவ்விப் பிடிக்கும் பிடி நட்டுக்குள்ளேயே இருந்தாக வேண்டும். பழைய வகை நட்டுகளில் மேற்பகுதியைச் சற்றே நசுக்கி அந்தப் பிடியை உண்டாக்கியிருப்பார்கள். கழற்றிக் கழற்றி மாட்டும்போது அது தேய்ந்துவிடும்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அந்தப் பட்டறைக்காரர்தான் என்பதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. டேப்பெட் சத்தம் வருகிறது என்று நான் போனபோது, அவர் ராக்கர் கவரைக் கழற்றி, ஒரு நட்டை வெளியே எடுத்துத் துடைத்து, என் கண்முன்னே அதை ஸ்டட்டில் வைத்து ஒற்றை விரலால் சுழற்றினார். அது தடையே இல்லாமல் சுழன்று அடிவரை இறங்கியது. "விரலால் இறங்குகிற நட் லாக் நட்டே இல்லை சார், எட்டையும் மாற்றிவிடலாம்" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. அந்த உண்மையைக் கேட்டுத்தான் நான் வண்டிச் சாவியைக் கையில் கொடுத்தேன். நடுவில் பூட்டுத் திருகு (நட்டின் மேலிருந்து இறங்கி ஸ்டட்டின் உச்சியை அழுத்தும் சிறு திருகு) வைத்த உயரமான நட்டுகளைப் போடுவதாகவும், இனி ஆயுளுக்கும் தளராது என்றும் உறுதி சொன்னார். பில்லில் "பூட்டுத் திருகு நட், புதியது, 8" என்று தெளிவாகவே எழுதியிருந்தது. பழைய நட்டுகளை நான் திருப்பிக் கேட்கவில்லை. இவ்வளவு பொறுமையாக விளக்குகிற மனிதரிடம் அதைக் கேட்பது மரியாதை இல்லை என்று தோன்றியது.

மூன்றாவது வாரமே சத்தம் திரும்பிவிட்டது. தொலைபேசியில் கேட்டபோது, புது நட் உட்கார்வதற்குக் கொஞ்ச நாள் ஆகும் என்றார். ஐந்தாவது வாரம் நேரில் போனேன். கவரைத் திறக்கவே இல்லை, காதை வைத்துக் கேட்டுவிட்டு, எண்ணெய் கனமில்லாமல் இருக்கிறது, மாற்றுங்கள் என்றார். மாற்றினேன், அதுவும் என் செலவுதான். ஏழாவது வாரம் அவருடைய ஆள், டேப்பெட் சத்தம் கேட்பது நல்லது, சத்தமே இல்லாவிட்டால்தான் வால்வு எரியும் என்று சொல்லி அனுப்பிவிட்டான். இடைவெளி குறைந்துபோனால் வால்வு எரியும் என்பது சரிதான். ஆனால் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிற சத்தத்துக்கு அது பதில் ஆகுமா?

நேற்று வேறொரு மெக்கானிக் கவரைத் திறந்தார். முதியவர், அதிகம் பேசாதவர். எட்டில் ஆறுதான் பூட்டுத் திருகு நட்டுகள். மீதி இரண்டும் என்னுடைய பழைய நட்டுகளே; தலையில் மூன்று இடங்களில் சென்டர் பஞ்சால் குத்தி, மரையை மீண்டும் நசுக்கி மாட்டியிருந்தார்கள். குத்திய பள்ளங்களில் உலோகம் இன்னும் வெள்ளையாக மின்னியது. ஏன் இரண்டு மட்டும் என்று கேட்டதற்கு, அவர் ராக்கர் கவரைத் திருப்பிக் காட்டினார்: எண்ணெய் தெறிப்பதைத் தடுக்கும் உள்தகடு அந்த இரண்டு நட்டுகளுக்கு மேலேதான் தாழ்வாக இருக்கிறது. உயரமான நட் அதில் இடிக்கும். இடிக்கிறது என்று என்னிடம் சொல்லியிருந்தால் உயரமான கவரோ கனத்த கேஸ்கட்டோ போட்டிருப்பேன். சொல்லாமல், எட்டுக்கும் காசு வாங்கினார்கள். கழன்று விழுந்தது அந்த இரண்டில் ஒன்றுதான்.

மற்ற ஆறும் ஒழுங்காக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. பூட்டுத் திருகின் அடிமுனை ஸ்டட்டின் உச்சியை முழுப் பரப்பில் அழுத்தினால்தான் பூட்டு விழும். அதற்கு ஸ்டட்டின் உச்சி தட்டையாகத் தேய்க்கப்பட்டிருக்க வேண்டும். என் ஸ்டட்டுகளின் உச்சி கரடுமுரடாக, ஒரு பக்கம் சரிந்து இருந்தது. பெரியவர் ஒரு திருகைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அதன் அடியில், ஓரத்தில் மட்டும், நகத்துண்டு அளவுக்கு ஒரு பிறை வடிவத் தேய்மானம். மீதிப் பரப்பில் கறுப்புப் பூச்சு அப்படியே இருந்தது. அவ்வளவுதான் அத்தனை நாளும் பிடித்த பிடி. அவற்றில் ஒன்று கால் சுற்று தளர்ந்திருந்தது. கால் சுற்றுதானே என்று விட முடியாது. அங்குலத்துக்கு 24 மரை உள்ள ஸ்டட்டில் ஒரு சுற்று என்பது சுமார் 1.06 மி.மீ.; கால் சுற்றுக்கு நட் 0.26 மி.மீ. மேலே போகும். ராக்கர் விகிதம் 1.5 ஆக இருந்தால், அதாவது ராக்கரின் வால்வுப் பக்கம் புஷ்ராடு பக்கத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளமாக இருந்தால், வால்வு முனையில் அதுவே (1 + 1.5) இரண்டரை மடங்காகி, ஏறத்தாழ 0.66 மி.மீ. கூடுதல் இடைவெளியாக நிற்கும். அந்த இடைவெளியில்தான் ஒவ்வொரு அடியும் சுத்தியல் அடியாக விழுந்துகொண்டிருந்தது.

இரண்டு பழைய நட்டுகளையும் எடுத்துக்கொண்டு நேற்று மாலையே அந்தப் பட்டறைக்குப் போனேன். அவை தங்கள் வேலை இல்லை, இடையில் வேறு யாரோ திறந்திருக்கிறார்கள் என்றார்கள். பில்லைக் காட்டினேன். கடைசியில் அந்த மனிதர், வண்டியைக் கொண்டுவந்தால் மரையில் பசை போட்டு மாட்டித் தருகிறேன், கூலியில் பாதி குறைத்துக்கொள்கிறேன் என்றார். எண்ணெயிலேயே ஊறிக் கிடக்கும் மரையில், நாளைக்கு மறுபடி திருப்பி அளவு வைக்க வேண்டிய நட்டுக்குப் பசையாம். ஒன்றரை மாதச் சம்பளத்தைத் தொலைத்தவனிடம் இன்னொரு பாதிக் கூலி கேட்கிறார்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். கை ஓடவில்லை, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். எந்த வகை நட் போட்டாலும் மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். நசுக்கிய வகை என்றால் ஸ்பேனர் இல்லாமல் இறங்கக் கூடாது. பூட்டுத் திருகு வகை என்றால் ஸ்டட் உச்சி தட்டையா என்று முதலில் பாருங்கள்; இடைவெளி வைத்து, அல்லன் கீயால் திருகை இறுக்கிய பிறகு, நட்டையும் திருகையும் சேர்த்து இன்னும் ஒரு துளி திருப்பி இறுக்குகிறார்களா என்று பாருங்கள், அந்தத் துளியில்தான் பூட்டு விழுகிறது. அதன்பின் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை வைத்து இடைவெளியை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். கவரை மூடுவதற்கு முன் உள்தகடு எங்கே வருகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு நட்டின் மேலும் ஸ்டட்டின் மேலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டுவிட்டு, சில நாள் ஓட்டிய பின் திறந்து கோடு விலகியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய நட்டுகளை எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்; எட்டு புதிது போட்டால் எட்டு பழையது உங்கள் கைக்கு வர வேண்டும்.