850 ரூபாயில் பிழைத்த ஃப்ரிட்ஜ்

முதலில் கெட்டது வெற்றிலை. அப்பாவுக்காகக் கவுளிக் கணக்கில் வாங்கி, ஈரத்துணியில் சுற்றிக் கீழ்த்தட்டில் வைத்திருந்த கொழுந்து வெற்றிலை, கையில் எடுத்ததும் அப்பளம்போல் ஒடிந்தது. மறுநாள் காலை காப்பிக்கு வைத்த பாலில் கரண்டி இறங்கவில்லை. மூன்றாம் நாள் அப்பாவின் இன்சுலின் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஊசி ஊசியாகப் பனி. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால், உருகிய பிறகு எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் அதைப் போடக்கூடாது. இரண்டு குப்பிகளை எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கியதைப் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் கொடுத்து வைத்தேன்.

எங்கள் ஊர் சுவாமிமலை. ஃப்ரிட்ஜ் ஒற்றைக் கதவு, 190 லிட்டர், வாங்கி 11 ஆண்டுகள் ஆகின்றன. நிறுவனத்தின் எண்ணில் புகார் பதிந்தேன். இரண்டு நாள் கழித்து ஒருவர் வந்தார். கதவைத் திறந்து மூடினார், பின்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “பழைய மாடல், உதிரி பாகம் வராது, மாற்றிக்கொள்ளுங்கள்” என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்கு 500 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 590 ரூபாய் கொடுத்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பக்கத்து வீட்டு அக்காதான் கும்பகோணத்துக் கடையைச் சொன்னார். மகாமகக் குளத்துக்கு அருகில் ஒரு சந்தில், வாசலில் பழைய கம்ப்ரசர்கள் அடுக்கிய சிறிய கடை. உரிமையாளருக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். நான் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “மோட்டார் நின்று நின்று ஓடுகிறதா அக்கா, நிற்காமல் ஓடுகிறதா?”

யோசித்தபோதுதான் உறைத்தது. ஒரு வாரமாக இரவு முழுவதும் அந்த முனகல் நிற்கவே இல்லை.

அவர் விளக்கிய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஃப்ரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. வயலில் தேங்கிய தண்ணீரை இறைத்து வாய்க்காலில் விடுவதுபோல, உள்ளே இருக்கும் வெப்பத்தை இறைத்துப் பின்பக்கக் கம்பி வலை வழியே வெளியே கொட்டுகிறது. தெர்மோஸ்டாட் என்பது மோட்டார் கொட்டகையில் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள். “இவ்வளவு குளிர்கிறது என்றால் கம்ப்ரசரும் கேஸும் நன்றாக இருக்கின்றன. நிறுத்த வேண்டிய ஆள்தான் தூங்குகிறார்” என்றார். ஃப்ரிட்ஜைப் பார்க்காமலே சொன்னது அது. பார்த்த பிறகும் அதுவே சரியாக இருந்தது.

மறுநாள் பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்னவர் ஒன்றேகாலுக்குத்தான் வந்தார். இது குறைதான். அப்பாவுக்கு ஊசி போட்டுச் சாப்பாடு வைக்கும் நேரம் அது. ஒரு போன் செய்திருக்கலாம்.

வந்ததும் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார். நல்ல தெர்மோஸ்டாட் என்றால் ‘டக்’ என்று ஒலித்து மோட்டார் நிற்க வேண்டும். சத்தமும் இல்லை, மோட்டாரும் நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கி, விளக்கு இருக்கும் பெட்டியைக் கழற்றி, வயர்களை உருவிவிட்டு, தெர்மோஸ்டாட்டின் இரண்டு முனைகளிலும் மல்ட்டிமீட்டரை வைத்தார். மின்சாரம் போக உள்ளே வழி இருந்தால் ஒலிக்கும் கருவி அது. பூஜ்யத்தில் அது ஒலிக்கக் கூடாது. ‘கீ’ என்று ஒலித்தது. பிறகு பழையதை உடைத்தே காட்டினார். உள்ளே கடுகளவு இரண்டு புள்ளிகள் கருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. குறுவைக்குப் பம்புசெட்டுகள் எல்லாம் ஓடும் நாள்களில் எங்கள் தெருவில் மின்னழுத்தம் இறங்கிவிடும். அப்போது கம்ப்ரசர் கிளம்பத் திணறி அதிக மின்சாரம் இழுக்கும், ஒவ்வொரு தடவையும் அந்தப் புள்ளிகளில் பொறி பறக்கும் என்றார். ஸ்டெபிலைசர் ஒன்று வாங்கச் சொன்னார், தம் கடையில்தான் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை.

கொண்டுவந்த புதிய தெர்மோஸ்டாட்டில் நடுவில் பனி கரைக்கும் பொத்தான் இல்லை. எங்களுடைய பழையதில் உண்டு. கையால் அணைத்துக் கரைத்துக்கொள்ளலாமே என்றார், நான் ஒப்பவில்லை. முகம் சுளிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு கும்பகோணம் போய், ஐம்பது நிமிடத்தில் சரியானதோடு திரும்பினார்.

அதை மாட்டுவதற்கு முன் செய்த சோதனைக்காகவே இந்தக் கடையைச் சொல்லலாம். ஒரு டம்ளரில் பனிக்கட்டியும் கல்லுப்பும் கேட்டார், குல்பிக்காரர் பானையில் போடுவதுபோல. தெர்மோஸ்டாட்டிலிருந்து வால்போல் நீளும் மெல்லிய குழாயின் நுனியை அதில் நிறுத்தி, மறுபடி மல்ட்டிமீட்டரை வைத்தார். ஒலித்துக்கொண்டே இருந்தது. அப்பாவும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். மூன்று பேரும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தோம். ‘டக்’. ஒலி நின்றது. நுனியை எடுத்து உள்ளங்கையில் பொத்தினார். சற்று நேரத்தில் மீண்டும் ‘டக்’, மீண்டும் ஒலி. “ஆள் விழித்திருக்கிறார் அப்பா” என்றார்.

அந்தக் குழாயை எங்கும் மடியவிடாமல் மெதுவாக நீட்டினார். மடிந்து உடைந்தால் உள்ளே அடைத்திருப்பது போய்விடும், தெர்மோஸ்டாட்டும் போயிற்று. பழைய குழாயின் பிளாஸ்டிக் உறையைப் பத்திரமாக உருவிப் புதியதில் ஏற்றி, நுனியை ஃப்ரீசர் தகட்டோடு அழுந்தப் பிடித்துத் திருகினார். தகட்டைத் தொடாவிட்டால் அதற்குக் குளிர் தெரியாதாம்.

பாகத்துக்கு 450, கூலி 400. இரண்டாம் தடவை போய்வந்ததற்குத் தனியாகக் கேட்கவில்லை. ரசீது மட்டும் நான் கேட்ட பிறகுதான் எழுதினார். பாகத்துக்கு ஆறு மாத உத்தரவாதம் என்று அதில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். கேட்காமலே கொடுத்திருக்க வேண்டும்.

அன்று இரவு ஒரு தம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் வைத்தேன். காலையில் 5 டிகிரி. மூன்று வாரமாக நாள்தோறும் பார்க்கிறேன், 4க்கும் 6க்கும் இடையில்தான் நிற்கிறது. இன்சுலின் எங்கள் வீட்டுக்கே திரும்பிவிட்டது, வெற்றிலையும் கீழ்த்தட்டுக்கு வந்துவிட்டது.

கடை மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை பூட்டியிருக்கும். போகிறவர்கள் ஃப்ரிட்ஜின் மாடல் எண்ணையும் தெர்மோஸ்டாட் குமிழையும் செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். நான் அப்படிச் செய்திருந்தால் அந்தத் தம்பிக்கு வெயிலில் ஒரு நடை மிச்சமாகியிருக்கும்.