பிளஸ் ஒன் மாணவருக்கு என்பிடெல் பாடம்: தருமபுரியிலிருந்து ஒரு மதிப்பீடு

பள்ளியை முடிப்பதற்கு முன்பே கல்லூரிப் பாடம் ஒன்றை முறையாகப் படித்து, தேர்வெழுதி, சான்றிதழ் பெற முடியுமா என்று கேட்கும் எங்கள் மாவட்டப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் இந்த வழி பழையது. மின்னசோட்டா மாநிலம் 1985-ஆம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் இயற்றியது. அங்குள்ள உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சமுதாயக் கல்லூரியில் பாடம் எடுத்துப் பெறும் கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட மதிப்பு), அந்தக் கல்லூரியின் மதிப்பெண் பதிவிலேயே ஏறிவிடும். நம்மிடம் அத்தகைய ஏற்பாடு இல்லை. இருப்பவற்றுள் அதற்கு மிக அருகில் வருவது, ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல். 2014 முதல் தேர்வும் சான்றிதழும் உள்ள இணையவழிப் பாடங்களை அது நடத்திவருகிறது. என் மகள் தருமபுரியில் பிளஸ் ஒன் படித்தபோது அதில் ஒரு பாடத்தை முடித்தாள். அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் என் மதிப்பீடு இது.

சேர்வதற்கு வயதும் வகுப்பும் தடையில்லை. பாடத்தைப் பார்ப்பதும் வாராந்தர அசைன்மென்ட் எழுதுவதும் இலவசம். தேர்வுக்கு மட்டும் கட்டணம் உண்டு. பன்னிரண்டு வாரப் பாடமாக இருந்தால் பொதுவாக அசைன்மென்டுகளில் சிறந்த எட்டின் சராசரிக்கு 25 மதிப்பெண்ணும், நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண்ணும் கணக்கிடப்படும். முன்னதில் 10-உம் பின்னதில் 30-உம் எடுத்தால்தான் சான்றிதழ் கிடைக்கும். எந்த வேலையுமின்றிப் பணம் கட்டியவுடன் அச்சிட்டுத் தரும் இணையச் சான்றிதழ்கள் பெருகிவிட்ட காலத்தில், இந்தக் கண்டிப்புதான் என்பிடெல்லின் மதிப்பைக் காப்பாற்றுகிறது என்பது என் எண்ணம்.

அவள் எடுத்தது, ஐஐடி ரோபாரின் பேராசிரியர் சுதர்சன் ஐயங்கார் நடத்தும் 'ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங் யூசிங் பைத்தான்'. பள்ளி மாணவருக்கு முதல் பாடமாக எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால் தயங்காமல் இதையே சொல்வேன். முன்னறிவு எதையும் எதிர்பார்க்காமல் கட்டங்களை இழுத்து அடுக்கி நிரல் அமைக்கும் 'ஸ்கிராட்ச்' மொழியில் தொடங்கி மெல்லப் பைத்தான் என்ற நிரல்மொழிக்கு வருகிறார்கள். நம் பிள்ளைகள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பேரை எழுதிப் பொதுவான எழுத்துகளை அடித்துவிட்டு விளையாடும் 'பிளேம்ஸ்' இந்தப் பாடத்தில் ஒரு நிரலாகவே வருகிறது. எழுத்துகளை நீக்குவதும், எஞ்சியதை எண்ணுவதும், வட்டமாகச் சுற்றி ஒவ்வொன்றாகக் கழிப்பதும் பைத்தானில் எப்படி அமைகின்றன என்று அதை எழுதிப் பார்த்த மாணவருக்கு, லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது) என்பதையும் லிஸ்ட் (பட்டியல்) என்பதையும் தனியாக விளக்க வேண்டியதில்லை. மூன்று கதவுகளில் ஒன்றின் பின்னால் பரிசு இருக்கும் மான்டி ஹால் புதிரும் வருகிறது. நாம் ஒன்றைத் தேர்ந்தபின், பரிசு இருக்குமிடம் தெரிந்தவர் பரிசில்லாத வேறொரு கதவைத் திறந்துகாட்டிய பிறகு நம் தேர்வை மாற்றிக்கொண்டால் வெல்லும் வாய்ப்பு மூன்றில் இரண்டாக உயரும் என்பதைச் சொன்னால் எளிதில் யாரும் நம்புவதில்லை; அதையே நிரலாக எழுதி ஆயிரக்கணக்கான முறை ஓடவிட்டு எண்ணிப் பார்க்கும்போது மறுக்க முடியாமல் போகிறது. நிகழ்தகவு பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தின் கடைசி அத்தியாயமாக இருப்பதால் பல பள்ளிகளில் அவசரமாகவே நடத்தப்படுகிறது. அந்த அத்தியாயத்துக்கு வருவதற்கு முன்பே என் மகள் அதன் பொருளை உணர்ந்திருந்தாள்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தோடு இது இணைவதும் முக்கியமானது. கணினி அறிவியல் எடுத்தவர்கள் பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ் மொழியையும் பிளஸ் டூவில் பைத்தானையும் படிக்கிறார்கள். ஆகவே இந்தப் பாடம் அடுத்த ஆண்டுப் பொதுத்தேர்வுக்கும் உதவுகிறது. கூடுதல் சுமை என்று ஒதுக்கத் தேவையில்லை.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் பெற்றோர் கவனமாக இருக்க வேண்டும். என்பிடெல் பாடங்கள் ஆண்டில் இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குகின்றன. ஜனவரிப் பாடம் ஆண்டுத் தேர்வோடு மோதும் என்பதால் அது பள்ளி மாணவருக்கு ஏற்றதன்று. பிளஸ் ஒன் சேர்ந்த ஆண்டின் ஜூலையே சரியான தருணம். காலாண்டுத் தேர்வு இடையில் வந்தாலும், எட்டு அசைன்மென்டுகளே கணக்கில் வருவதால் ஓரிரு வாரம் விட்டுப்போவது பாதகமில்லை. மாநில அரசு 2025-இல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வைக் கைவிட்ட பிறகு இந்த ஓராண்டுக்கு உண்மையான மூச்சுவிடும் இடம் கிடைத்திருக்கிறது. அந்த இடத்தையும் பிளஸ் டூ பாடத்தை முன்கூட்டியே திணித்து நிரப்பும் வழக்கம் தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரப் பள்ளிகள் சிலவற்றில் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. நீட் பயிற்சியில் முழுமையாக மூழ்கியிருக்கும் மாணவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வாரத்துக்குச் சில மணி நேரம் நிம்மதியாக ஒதுக்க முடியாதவர் பாதியில் விட்டுவிடுவார்.

குறைகளில் முதலாவது மொழி. விரிவுரைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பல பாடங்களின் எழுத்து வடிவம் தமிழிலும் வந்திருக்கிறது என்றாலும், தேர்வு ஆங்கிலத்தில்தான். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்குத் தொடக்க வாரங்களில் ஆசிரியரோ கல்லூரி செல்லும் அக்காவோ அண்ணனோ உடன் அமர்ந்தால் பெரிய துணையாக இருக்கும். இரண்டாவது, கணினி. காணொளியைக் கைபேசியில் பார்த்துவிடலாம். நிரலை அதில் எழுதிப் பழகுவது மிகவும் கடினம். பென்னாகரம், அரூர் பக்கத்துக் கிராமங்களில் கணினி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பள்ளி ஆய்வகத்தையே நம்பியிருக்கிறார்கள். மாலையில் ஒரு மணி நேரம் ஆய்வகத்தைத் திறந்து வைக்கும் தலைமையாசிரியர் இருந்தால் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்துவிடும்.

மூன்றாவதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்: இந்தச் சான்றிதழ் தானாகவே கல்லூரிக் கிரெடிட்டாக மாறிவிடாது. என்பிடெல் பாடங்களும் இடம்பெறும் மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தின் பாடங்கள் வழியாக ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை பெறலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் விதி வகுத்தது உண்மை. ஆனால் அது கல்லூரியில் சேர்ந்த மாணவருக்கும், அவர் கல்லூரி ஏற்கும் பாடங்களுக்கும் உரியது. பள்ளியில் எடுத்த சான்றிதழைப் பின்னர் ஏற்பதா என்பது சேரும் கல்லூரியின் முடிவு. கிரெடிட் நிச்சயம் என்று சொல்லி இதற்குப் பணம் வாங்கும் பயிற்சி நிலையத்தை யாரும் நம்ப வேண்டாம்.

கிரெடிட்டே குறிக்கோளாக இருந்தால் ஐஐடி சென்னையின் இணையவழி டேட்டா சயின்ஸ் (தரவு அறிவியல்) பிஎஸ் பட்டப்படிப்பைப் பார்க்கலாம். பிளஸ் ஒன் இறுதித் தேர்வை முடித்தவர்களே அதன் தகுதித் தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியும். நான்கு வாரப் பாடமும் நேரடித் தேர்வும் உண்டு, ஜேஇஇ தேவையில்லை. தேர்ச்சி பெற்றவர் பிளஸ் டூ முடித்ததும் சேர்ந்து, எட்டுப் பாடங்களும் 32 கிரெடிட்டும் கொண்ட அடிப்படை நிலையைத் தொடங்கலாம். என் மகள் இப்போது அதற்குத்தான் தயாராகிக்கொண்டிருக்கிறாள், பைத்தான் பழக்கம் கைகொடுக்கிறது.

என்பிடெல் தேர்வுக்குப் பதிவு செய்யும்போது ஊர்ப் பட்டியலை முதலிலேயே பார்த்து விருப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். நாங்கள் சேலத்தைத் தேர்ந்தெடுத்தோம். காலை ஒன்பது மணிக்குத் தேர்வு என்பதால் விடியற்காலையிலேயே பேருந்து ஏற வேண்டியிருந்தது; பிற்பகல் அமர்வு கிடைத்தால் தருமபுரிக்காரர்களுக்கு அதுவே வசதி. அசல் அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரையும் முன்னெழுத்தையும் பதிவு செய்வது அவசியம், ஏனென்றால் சான்றிதழில் அந்தப் பெயர்தான் அச்சாகும்.