ஸ்பைரல் ஃபேஸ் பிளேட்: வாங்கலாமா?

கட்டமைத்த ஒளியில், அதாவது வேண்டிய வடிவத்துக்கு மாற்றிய லேசர் கற்றைகளில், வேலை செய்பவர்கள் எஸ்.எல்.எம். (ஒளியின் வடிவத்தைப் பிக்சல் பிக்சலாக மாற்றும் திரவப் படிகத் திரை) வாங்கப் பணம் தேடுவதற்கு முன் ஒரு ஸ்பைரல் ஃபேஸ் பிளேட்டைக் கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது. பார்த்தால் வெறும் வட்டக் கண்ணாடித் துண்டு. ஆனால் அதன் தடிமன் மையத்தைச் சுற்றி மாடிப்படிபோல் மெல்ல ஏறி, ஒரு சுற்று முடிந்ததும் சட்டென்று இறங்கிவிடும். 633 நானோமீட்டர் சிவப்பு லேசருக்கு, சிலிகாவில் செய்தால், அந்த இறக்கம் சுமார் 1.4 மைக்ரான். தடிமனுக்கேற்ப ஒளி தாமதமாவதால், சாதாரண லேசர் கற்றை இதற்குள் போய், அலைமுகம் திருகுபோல் முறுக்கி, நடுவில் இருட்டும் சுற்றிலும் வளையமுமாக வெளியே வரும். இந்த மாதிரிக் கற்றையில் ஒவ்வொரு ஃபோட்டானும் (ஒளித்துகளும்) சுற்றுப்பாதைக் கோண உந்தம், அதாவது இந்த முறுக்கால் வரும் சுழற்சி, சுமக்கிறது என்று 1992இல் நெதர்லாந்தின் லைடனில் இயற்பியலாளர் ஆலனின் குழு காட்டிய பிறகுதான் இந்தத் துறை சூடுபிடித்தது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது ஒளி வீணாகாததுதான். எஸ்.எல்.எம்.மில் பிக்சல் இடைவெளியிலும் வேண்டாத விளிம்புவிளைவுகளிலும் கணிசமான ஒளி போய்விடும், அதோடு அது ஒரே ஒரு நேர்கோட்டு முனைவாக்கத்துக்குத்தான் (ஒளியலை அதிரும் திசைக்குத்தான்) வேலை செய்யும். ஒற்றை ஃபோட்டானாக எண்ணிக்கொண்டிருக்கும் குவாண்டம் சோதனையில் இந்த இழப்பு நேராக எண்ணிக்கை வீதத்தில் அடிக்கும். பிளேட்டுக்கு முனைவாக்கம் எப்படி இருந்தாலும் ஒன்றுதான். திருப்பி வைத்தால் சுழற்சியின் குறியும், அதாவது இடம்-வலம் திசையும், மாறிவிடும், தனியாக இன்னொன்று வாங்க வேண்டாம்.

சரி, குறைக்கு வருவோம். எந்த அலைநீளத்துக்குச் செய்தார்களோ அதற்கு மட்டும்தான் ஒழுங்காக நடக்கும். 633க்கான பிளேட்டில் 532 பச்சை லேசரை விட்டால் அலைமுகத்தின் முறுக்கு ஒரு முழுச் சுற்றுக்குப் பதில் கிட்டத்தட்ட 1.2 சுற்று ஆகிவிடும், கேமராவில் வளையம் ஒரு பக்கம் வெட்டுப்பட்டுத் தெரியும். 405 நானோமீட்டர் பம்ப் லேசரைப் படிகத்தில் செலுத்தி 810இல் ஃபோட்டான் ஜோடி எடுப்பவர்கள் 810க்கான பிளேட்டைத்தான் கேட்டு வாங்க வேண்டும். மையம் வைப்பதும் பொறுமையைச் சோதிக்கும் வேலை, கற்றை இம்மி நகர்ந்தாலும் வளையம் பிறைபோல் ஒரு பக்கம் தடித்துவிடும். பிளேட்டை இரு திசையிலும் நுணுக்கமாக நகர்த்தும் எக்ஸ்-ஒய் மவுண்ட் இல்லாமல் தொடாதீர்கள். எங்களுக்கு வந்த பிளேட்டில் எந்தப் பக்கம் முன் என்று ஒரு புள்ளிகூட வைக்கவில்லை, இத்தனை நுணுக்கமாகச் செய்பவர்களுக்கு அது முடியாதா என்ன!

வாங்கியதும் தரம் பார்க்க எளிய வழி, ஒரே மாதிரி இரண்டு பிளேட்டில் ஒன்றைத் திருப்பி அடுத்தடுத்து வைப்பது. இரண்டின் சுழற்சியும் கழிந்து, லென்ஸின் குவியத்தில் நடுப்புள்ளி பளிச்சென்று திரும்ப வர வேண்டும். அதை ஒற்றைமுறை ஃபைபரில் (சுழற்சியில்லாத கற்றையை மட்டும் ஏற்கும் மெல்லிய ஒளியிழையில்) செலுத்தி எவ்வளவு ஒளி ஏறுகிறது என்று அளந்துவிடுங்கள், சுழற்சி மிச்சமிருக்கும் ஒளி ஃபைபருக்குள் ஏறாது. 2001இல் வியன்னாவில் ஃபோட்டான் ஜோடிகளின் கோண உந்தப் பின்னலை (இரண்டின் கோண உந்தமும் குவாண்டம் முறையில் பிணைந்திருப்பதை) கண்டுபிடித்ததும் இதே தந்திரத்தில்தான், அங்கே பிளேட்டுக்குப் பதில் ஹோலோகிராம்.

அலைநீளத்தை அடிக்கடி மாற்றுபவர்களுக்கு மின்னழுத்தத்தால் சரிசெய்யும் திரவப் படிக க்யூ-பிளேட் வசதி. வடிவத்தையே நொடிக்கு நொடி மாற்ற வேண்டுமென்றால் எஸ்.எல்.எம். தவிர வழியில்லை. ஒரே லேசர், ஒரே சுழற்சி எண் (அலைமுகம் எத்தனை முறை முறுக்குகிறது என்ற எண்) என்றால் ஸ்பைரல் ஃபேஸ் பிளேட்டையே வாங்குங்கள்.