நெல்லைச் சீமையில் போலோ: களமும் லாடமும், புழக்கத்தில் கண்டவை

குதிரைமேல் இருந்தபடி மட்டையால் பந்தடிக்கும் ஆட்டம் போலோ. அதன் முழு மைதானம் 300 கஜ நீளம். ஓரத்தில் பலகை அடைத்தால் 160 கஜ அகலம். பத்து ஏக்கருக்குக் கொஞ்சம்தான் குறைவு. அத்தனை இடத்துக்கும் புல் வளர்த்துத் தண்ணீர் பாய்ச்சுவது இங்கே கட்டுப்படியாகாது. 300 அடிக்கு 150 அடி மணல் களம், பக்கத்துக்கு மூன்று பேர், காற்றடைத்த பந்து: ஒரு ஏக்கர் சொச்சத்தில் முடிகிற இந்த ஆட்டம்தான் இந்தப் பக்கத்துக்குச் சரி.

கரிசலில் களம் போடவே வேண்டாம். சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பில் குளம்பு இறங்கினால் குதிரை போச்சு. ஐப்பசி மழையிலோ சேறு லாடத்தையே பிடுங்கும். தேரி (செம்மணல் மேடு) மணல் கால் புதைகிற ஆழம், நரம்பு இழுத்துக்கொள்ளும். செவல் நிலத்தில் சரள் கொட்டி, உருளை ஓட்டி இறுக்கி, மேலே 3 அங்குலம் மணல் பரப்பினால் நிற்கிறது. ஆனி, ஆடியில் தினமும் தண்ணீர் தெளிக்காவிட்டால் மேல்மணல் காற்றோடு போய்க் கிழக்கு வேலியில் அம்பாரமாகக் கிடக்கும். கோல் கம்பங்கள் வடக்கு, தெற்கில் இருக்கட்டும். கிழமேற்காக நட்டால் சாயங்கால வெயில் ஒரு அணியின் கண்ணைக் கூசவைக்கும்.

மேலே உட்கார்ந்து பந்தடித்துப் பழக ஒரு மரக்குதிரை அவசியம். சுற்றிலும் வலை, அடித்த பந்து திரும்பி உருண்டுவர நாலு பக்கமும் சரிவுப் பலகை. கால்களைச் சிமெண்டுத் திண்டில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கறையான் முந்திக்கொள்ளும். இடதுகைக்காரர்களுக்கு இதில் கூடுதல் நேரம் கொடுங்கள். போலோவில் மட்டையை வலது கையில்தான் பிடிக்க வேண்டும் என்பது விதி. பிரம்பு மட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும், தொங்கவிடுங்கள்.

உண்மையான தலைவலி லாடம். 13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ (ஆட்டத்தின் பெயருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை), கடல்வழி வந்திறங்கிய குதிரைகள் லாடக்காரரும் சரியான பராமரிப்பும் இல்லாமல் செத்துப்போவதாக எழுதினார். இன்றும் பாதி அதே கதைதான். வண்டிமாட்டுக்கு லாடம் அடிப்பவரைக் கூப்பிடாதீர்கள். மாட்டுக் குளம்பு பிளவுபட்டது, காலுக்கு இரண்டு துண்டு. குதிரைக்கு வளைந்த ஒரே துண்டு; ஆணி அரை விரற்கடை உள்ளே போனாலும் நொண்டும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை வெளியூர் ஆள் வந்தாக வேண்டும். எல்லாக் குதிரைக்கும் ஒரே நாளில் முறை வைத்தால் பயணப்படி ஒன்றோடு போகும். இடைப்பட்ட நாட்களில் களத்தைவிட்டு வந்ததும் நாலு குளம்பையும் தோண்டிப் பாருங்கள். சீமைக்கருவேல முள் ஒடிந்து உள்ளே தங்கினால் மூன்றாம் நாள்தான் சீழ் தெரியும்.