மணிலா, ஹேக்லர், கொராலெஸ்: முதலில் எந்தச் சண்டையைப் பார்ப்பது?

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) ஒரு சனிக்கிழமை இரவு கிளம்பிய பேச்சு இது. அக்கா மகன் குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் போக ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. "மாமா, ஒரே ஒரு பழைய ஃபைட் பார்க்கணும்னா எதைப் பார்க்கிறது?" என்று கேட்டான். பெரியப்பா தே தாரிக் கிளாஸைக் கீழே வைக்காமலேயே "மணிலா" என்றார், முகமது அலியும் ஜோ ஃப்ரேசியரும் அங்கே மோதிய சண்டையைச் சொல்கிறார். எதிரில் இருந்த நண்பர் "ஹேக்லர் – ஹெர்ன்ஸ்" என்றார். நான் "கொராலெஸ் – காஸ்டியோ" என்றேன். கடை மூடும்வரை பேச்சு முடியவில்லை.

மூன்றுமே 'தி ரிங்' பத்திரிகையின் 'ஆண்டின் சிறந்த சண்டை' விருது பெற்றவை; முறையே 1975, 1985, 2005. நாட் ஃப்ளைஷர் 1922-இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 1945 முதல் இந்த விருதைக் கொடுத்து வருகிறது. விருது சண்டைக்குத்தான், தோற்றவர் பெயரும் ஜெயித்தவர் பெயரோடு சேர்ந்தே நிற்கும். இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அமெரிக்கக் குத்துச்சண்டை எழுத்தாளர் சங்கமும் இதே போல ஒரு விருது தருகிறது, அதற்கு அலி – ஃப்ரேசியர் பெயர். இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. 2010-இல் பத்திரிகை செகுரா – கால்டெரோன் சண்டையைத் தேர்ந்தெடுத்தது, சங்கம் அமீர் கான் – மைதானா சண்டையைத் தேர்ந்தெடுத்தது.

பெரியப்பா மணிலாவை விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம் நம் ஊர்தான். 1975 ஜூலை 1-ஆம் தேதி மெர்டேக்கா அரங்கத்தில் அலி ஜோ பக்னரோடு மோதினார். பெரியப்பாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. யாரிடமோ கடன் வாங்கி டிக்கெட் எடுத்துப் போய் உட்கார்ந்தார். வெயிலையும், கூட்டத்தையும், அலி ரிங்குக்குள் ஏறியதையும் இன்றைக்கும் விடிய விடியச் சொல்வார். ஆனால் சண்டையைப் பற்றிக் கேட்டால் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவார். பதினைந்து ரவுண்டும் போய், புள்ளிக்கணக்கில் அலி ஜெயித்தார், அவ்வளவுதான். பக்னர் எச்சரிக்கையாகவே ஆடினார், முன்னால் வரவில்லை. சரியாக மூன்று மாதம் கழித்து, அக்டோபர் 1-ஆம் தேதி, அதே அலி மணிலாவில் ஃப்ரேசியர் முன் நின்றார். அதே வருடம், இதே மாதிரி வெக்கை. மாறியது எதிராளி மட்டும்தான். நல்ல சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

மணிலாவில் முதல் சில ரவுண்டுகள் அலி கையில். நடுவில் ஃப்ரேசியர் தலையைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே புகுந்து விலாவையும் இடுப்பையும் பதம் பார்த்தார். பன்னிரண்டாவதிலிருந்து மறுபடி அலி. பதின்மூன்றாவதில் ஃப்ரேசியரின் மவுத்கார்ட் (பல்லைக் காக்க வாயில் மாட்டுவது) பறந்து வெளியே போய் விழுந்தது. பதினான்கு முடிந்ததும் பயிற்சியாளர் எட்டி ஃபட்ச் போதும் என்று நிறுத்திவிட்டார். பெரிய சண்டை, சந்தேகமே இல்லை. ஆனால் கடைசி ரவுண்டுகளில் ஃப்ரேசியருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. குத்து எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வாங்கிக்கொண்டிருக்கிறார். பயிற்சிக்குப் போகும் பையன் முதலில் பார்க்க வேண்டியது அதுவா? எனக்கு மனம் வரவில்லை.

ஹேக்லர் – ஹெர்ன்ஸ் நேர் எதிர். 1985 ஏப்ரல் 15, லாஸ் வேகாஸ், மொத்தமே எட்டு நிமிடம். முதல் மூன்று நிமிடம் மாதிரி ஒரு ரவுண்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நூல் விட்டுப் பார்ப்பதெல்லாம் கிடையாது, மணி அடித்ததும் அடிதான். அந்த ரவுண்டிலேயே ஹெர்ன்ஸின் வலது கை உடைந்தது, ஹேக்லரின் நெற்றி கிழிந்தது. மூன்றாவதில் நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காயத்தைக் காட்டினார். தொடரலாம் என்றதும் ஹேக்லர் பாய்ந்துபோய் முடித்துவிட்டார்.

நண்பர் சொல்வது நியாயம்தான், எட்டு நிமிடத்தில் ஒரு புதுப் பையனைக் கட்டிப்போட இதைவிட வேறில்லை. ஆனால் முதல் ரவுண்டுக்கு அப்புறம் ஹெர்ன்ஸின் கால்கள் போய்விட்டன. ஆட்டம் ஒரே திசையில் போகிறது. காயத்தைக் காரணம் காட்டி நிறுத்திவிடுவார்களோ என்ற பதற்றம்தான் பாக்கி.

இனி என் கட்சி. 2005 மே 7, அதே லாஸ் வேகாஸ், லைட்வெயிட் எடைப் பிரிவின் இரண்டு சாம்பியன்கள். டியேகோ கொராலெஸ் உயரமானவர், நீண்ட கை. தூரத்தில் நின்று ஜேப் (முன்கையால் நேராக விடும் குத்து) போட்டே ஆடியிருக்கலாம். அவரோ காஸ்டியோவின் நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி நின்று ஆடினார். ஒன்பது ரவுண்டும் இருவர் நெற்றியும் ஒட்டியபடியே, நடுவே ஒரு சாண் இடத்தில் பக்கவாட்டிலிருந்து வளைத்து விடும் ஹூக்கும் கீழிருந்து மேலே விடும் அப்பர்கட்டும். ஒருவர் அடித்தால் அடுத்த நொடியே மற்றவர் திருப்பிக் கொடுக்கிறார். யார் முன்னிலை என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியாது.

பத்தாவது ரவுண்டில் காஸ்டியோவின் இடது ஹூக் பட்டு கொராலெஸ் விழுந்தார். எழுந்தார், மறுபடி விழுந்தார். கண்கள் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. மவுத்கார்டைக் கழற்றியதற்காக நடுவர் டோனி வீக்ஸ் ஒரு புள்ளியைக் குறைத்தார். மூலைக்குப் போனதும் பயிற்சியாளர் ஜோ கூசன் அதைத் திரும்ப மாட்டிவிட்டார். திரும்பி வந்த கொராலெஸை முடித்துவிடலாம் என்று காஸ்டியோ தடுப்பில்லாமல் உள்ளே வந்தார். ஒரு வலது கைக் குத்து சரியாக விழுந்தது. அடுத்த சில நொடிகளில் காஸ்டியோ கயிற்றில் சாய்ந்து, கைகள் தொங்க நின்றார். வீக்ஸ் நடுவில் பாய்ந்து நிறுத்திவிட்டார். இரண்டு முறை விழுந்தவர் அதே ரவுண்டில் ஜெயித்தார்.

இதிலும் குறை உண்டு. மவுத்கார்டால் கிடைத்த அந்தக் கூடுதல் நொடிகள் கொராலெஸுக்கு மூச்சு வாங்க நேரம் கொடுத்தன. காஸ்டியோ தரப்பின் மனத்தாங்கலை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த நொடிகள் அவரை நிற்க வைத்தன, அவ்வளவே. வலது கைக் குத்தை அவர்தான் போட்டார். அப்புறம், சரியாக இரண்டு வருடம் கழித்து, 2007 மே 7-ஆம் தேதி, கொராலெஸ் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனார். அந்தத் தேதியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

விருதுப் பட்டியலில் இருக்கும் பெயரை வைத்து மட்டும் எதிர்பார்க்கவும் கூடாது. 2014-இல் மொலினாவோடு மோதி இதே விருதை வாங்கித் தந்த லூகாஸ் மத்தீஸ், 2018 ஜூலையில் இங்கே கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலுக்கு வந்து ஃபிலிப்பைன்ஸ் வீரர் மேனி பக்கியாவோவிடம் மூன்று முறை விழுந்து ஏழாவது ரவுண்டில் தோற்றார். நானும் போயிருந்தேன். பக்கியாவோவைக் கண்ணால் பார்த்த சந்தோஷம் இருந்தது. சண்டை என்று பார்த்தால் ஒரு பக்கம்தான்.

ஆகவே அக்கா மகனுக்கு என் பதில் மாறவில்லை: கொராலெஸ் – காஸ்டியோ, முதல் ரவுண்டிலிருந்து முழுசாக. பத்தாவதை மட்டும் தனியாகப் போட்டுப் பார்த்தால் அதிசயம் மாதிரி இருக்கும். ஒன்பது ரவுண்டையும் பார்த்தவனுக்குத்தான் அந்த வலது கை எங்கிருந்து வந்தது என்று புரியும். அடுத்த சனிக்கிழமை எங்கள் வீட்டில் போடுகிறோம். அது முடிந்ததும் மணிலா போட வேண்டும் என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார், ஆறாவது ரவுண்டிலிருந்து.