பழைய இன்ஜினின் வருஷம்: கேம்ஷாஃப்ட் வாங்கும் முன் எந்தத் தடயத்தை நம்பலாம்?

பழைய இன்ஜினுக்கு கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு, சுருக்கமாக கேம்) தேடினால் முதலில் வரும் கேள்வி, "எந்த வருஷம்?" நாமும் வண்டியின் பதிவுப் புத்தகத்தைப் பார்த்து ஒரு வருஷத்தைச் சொல்லிவிடுகிறோம். தவறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. அந்தப் புத்தகம் வண்டியின் வயதைத்தான் சொல்லும். நாற்பது ஐம்பது வருடம் ஓடிய வண்டிக்குள் முதலில் வந்த இன்ஜினே இன்னும் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

இந்தக் குழப்பத்தை முழுசாகக் காட்டுவது ஷெவர்லே ஸ்மால் பிளாக் வி8. 1955-இல் 265 கன அங்குலத்தோடு வந்தது. பிரபலமான 350 வந்தது 1967-இல். பல பத்தாண்டுகள் அதே உருவம், அதே கேம் ஜர்னல் (தண்டு தாங்கியில் உட்கார்ந்து சுழலும் பகுதி) விட்டம். பொருந்தாத கேம் கூடச் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். உள்ளே போகாமல் மாட்டிக்கொண்டால் நல்லது, அப்போதே தெரிந்துவிடும். இங்கே அது நடக்காது என்பதால்தான் வருஷத்தை முன்கூட்டியே உறுதி செய்ய வேண்டியிருக்கிறது.

கேம் விஷயத்தில் எல்லா வருஷமும் முக்கியம் இல்லை, இரண்டு கட்டங்கள்தான் முக்கியம். முதலாவது, 1955-56. அந்த 265 பிளாக்குகளில் (பிளாக் என்பது இன்ஜினின் வார்ப்பு உடல்) லிஃப்டர்களுக்கு, அதாவது கேமின் மேல் ஏறி இறங்கும் உருளைத் துண்டுகளுக்குப் போகும் எண்ணெய், கேமின் கடைசி ஜர்னலில் வெட்டியிருக்கும் பள்ளம் வழியாகத்தான் போகும். பள்ளம் இல்லாத பிந்தைய கேமைப் போட்டால் மேலே எண்ணெய் ஏறாது. இரண்டாவது, 1987. கார்களுக்கான ஸ்மால் பிளாக்கில் ரோலர் லிஃப்டர் (அடியில் சுழலும் சக்கரம் வைத்தது; அதற்கு முன் அடி தட்டையானது) வந்தது அப்போதுதான். இடையில் 1986-இல், கிராங்க்ஷாஃப்டின் பின்முனையில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் பின்பக்க மெயின் சீல் ஒரே துண்டாக மாறியது. அது கிராங்க்கைப் பொறுத்த மாற்றம், கேமுக்குச் சம்பந்தமில்லை. ஆனால் ஒரு துண்டு சீலைப் பார்த்ததும் "இது ரோலர் பிளாக்" என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. 1986 பிளாக்கில் அந்த முடிவு தவறாகிவிடும்.

சரி, தடயங்களுக்கு வருவோம். முதலில் எல்லோரும் தேடுவது வார்ப்பு எண்ணை. கியர்பாக்ஸ் சேரும் பின் விளிம்பில், ஓட்டுநர் பக்கம் (அமெரிக்க வண்டியில் இடப்பக்கம்), பெரிய எழுத்தில் இருக்கும். அழுக்கைச் சுரண்டினால் போதும், எதையும் கழற்ற வேண்டாம். ஆனால் அது சொல்வது அச்சின் அடையாளத்தை மட்டுமே. 3970010 என்ற எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்: 1969-இல் தொடங்கி எழுபதுகளின் இறுதி வரை அதே எண்ணோடு பிளாக்குகள் வந்துகொண்டிருந்தன. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வருஷம் சொல்வது, ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு வீட்டைத் தேடுவது போலத்தான்.

அதைவிட ஒரு படி மேல், வார்ப்புத் தேதி. அதே விளிம்பில் பெரும்பாலும் மறுபக்கம் இருக்கும். மாதத்துக்கு ஏ முதல் எல் வரை ஓர் எழுத்து, அப்புறம் நாள், கடைசியில் வருடத்தின் ஒற்றை இலக்கம். 'கே 20 9' என்று இருந்தால் நவம்பர் 20, ஒன்பதில் முடியும் ஒரு வருஷம். அது 1969-ஆ 1979-ஆ? மேலே சொன்ன 3970010 பிளாக்கில் இரண்டுக்கும் இடமிருக்கிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1969 நவம்பரில் வார்த்த பிளாக் போய்ச் சேர்வது 1970 மாடல் காரில். கடைகளின் பட்டியல் மாடல் ஆண்டை வைத்துத்தான் ஓடும். ஆண்டின் கடைசி மாதங்களில் வார்த்த பிளாக் என்றால் ஒரு வருஷம் கூட்டி யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, முன்பக்கம் பயணியர் புற (வலப்பக்க) சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் இருக்கும் சிறிய தட்டைப் பரப்பில் குத்தியிருக்கும் முத்திரை. தொழிற்சாலை எழுத்து, இன்ஜின் கூட்டிய மாதமும் நாளும், கடைசியில் எந்த வண்டிக்கான இன்ஜின் என்று சொல்லும் எழுத்துகள். 'வி0214' என்று தொடங்கினால் ஃப்ளிண்ட் தொழிற்சாலை, பிப்ரவரி 14. இதில் வருடமே கிடையாது. ஆனால் பக்கத்தில் வண்டி எண்ணின் ஒரு பகுதியும் குத்தியிருந்தால் அதற்குள் மாடல் ஆண்டின் கடைசி இலக்கம் இருக்கும். இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் முத்திரையைத்தான் எடுப்பேன். கடைசி எழுத்துகள் பத்தாண்டுக் குழப்பத்தையும் பெரும்பாலும் தீர்த்துவிடும். ஒரே ஆபத்து, பிளாக்கின் மேல்முகத்தை ஒருமுறை மெஷினில் சீவியிருந்தால் முத்திரையும் சேர்ந்து போயிருக்கும். அப்போது மிஞ்சுவது வார்ப்பு எண்ணும் தேதியும்தான்.

வால்வ் கவரைப் பார்த்துச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஓரத்தில் போல்ட் என்றால் பழையது, நடுவில் போல்ட் என்றால் 1987-க்குப் பின். ஹெட்டைப் பொறுத்தவரை ஓரளவு சரி, ஆனால் ஹெட் மாற்றுவது சாதாரண வேலை. அதை வைத்து கேம் ஆர்டர் செய்யவே கூடாது.

இவை எல்லாவற்றையும் விட எனக்கு நம்பிக்கை தருவது, திறந்து பார்ப்பது. இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினால் லிஃப்டர் வரிசை கண்ணில் படும். ரோலர் பிளாக்கில் லிஃப்டர் துளைகளின் விளிம்பு உயரமாக இருக்கும். நடுவில், லிஃப்டர்கள் திரும்பாமல் காக்கும் ஸ்பைடர் தகட்டைப் பிடிக்கும் மூன்று மேடுகள் இருக்கும். டைமிங் கவரைக் கழற்றினால் கேமின் மூக்கு தெரியும். தொழிற்சாலை ரோலர் கேமின் மூக்கு படி வைத்து ஒடுங்கியிருக்கும், அதைப் பின்னால் ஒரு தகடு பிடித்திருக்கும். பழைய கேமில் அந்தப் படி இல்லை. வருஷத்தைக் கச்சிதமாகக் கண்டுபிடித்த பிறகும் இந்தச் சோதனையை விட முடியாததற்கு 1987-க்குப் பிந்தைய பிக்கப் இன்ஜின்களே காரணம். உயரமான லிஃப்டர் துளைகளோடு வார்த்திருப்பார்கள், ஆனால் பல பிளாக்குகளில் கேமைப் பிடிக்கும் தகட்டுக்கும் ஸ்பைடருக்குமான துளைகளைப் போடாமலே விட்டு, உள்ளே தட்டை லிஃப்டரைத்தான் வைத்திருப்பார்கள். வருஷம் ரோலர் என்கிறது, இன்ஜின் இல்லை என்கிறது. இன்ஜின் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

ஃபோர்டின் 302 வி8 இன்ஜினில் கதை வேறு. அங்கே வார்ப்பு எண்ணே பத்தாண்டைச் சொல்லிவிடும்: சி என்றால் அறுபதுகள், டி எழுபதுகள், இ எண்பதுகள், அடுத்த இலக்கம் அந்தப் பத்தாண்டுக்குள் எந்த வருஷம் என்று காட்டும். ஷெவர்லேயை விடத் தெளிவு என்று தோன்றும். ஆனால் அது வடிவமைத்த ஆண்டு. இ6எஸ்இ என்று தொடங்கும் பிளாக் அதே எண்ணோடு 1986-க்குப் பிறகும் பல வருடம் வந்தது. வார்த்த நாளைத் தனித் தேதிக் குறியில்தான் பார்க்க வேண்டும். அங்கே இன்னொரு சிக்கல், எரி வரிசை (சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும் ஒழுங்கு). சாதாரண 302-க்கு 1-5-4-2-6-3-7-8. 1982-இல் தொடங்கிய மஸ்டாங் 5.0 எச்ஓவுக்கு (அதே 302-இன் அதிக சக்தி வகை) 1-3-7-2-6-5-4-8. எச்ஓ கேமைச் சாதாரண 302-இல் போடலாம், பிளக் வயர்களையும் புது வரிசைக்கு மாற்றிவிட வேண்டும். மஸ்டாங்கில் ரோலர் வந்தது 1985-இல்.

இனி கேம் தேர்வு. ஷெவர்லே பழைய பிளாக்குக்கு இரண்டு வழி. தட்டை லிஃப்டர் கேம் மலிவு, பழைய டைமிங் கியரோடு அப்படியே சேரும். ஆனால் புதுக் கேமுக்குப் புது லிஃப்டர் கட்டாயம். துத்தநாகச் சேர்மானம் உள்ள எண்ணெய் ஊற்றி, ஸ்டார்ட் செய்த உடனே 2000-க்கு மேலான சுற்றில் இருபது முப்பது நிமிடம் ஓட்டிப் பழக்க வேண்டும். ஐடிலில் விட்டால் லோப் (லிஃப்டரைத் தள்ளும் கேமின் மேடு) தேய்ந்துவிடும்.

இன்னொன்று, பழைய பிளாக்குக்கென்றே செய்த ரெட்ரோஃபிட் ரோலர் கேம். லிஃப்டர்கள் இரண்டிரண்டாக இணைப்புப் பட்டையோடு வரும், விலை அதிகம். தட்டை லிஃப்டர் கேமின் லோப்பில் இருக்கும் லேசான சாய்வு கேமைப் பின்னோக்கித் தள்ளி வைத்திருக்கும். ரோலரில் அந்தச் சாய்வு இல்லை, பழைய பிளாக்கில் பிடிக்கும் தகடும் இல்லை. அதனால் கேம் முன்னால் நகராமல் இருக்க ஒரு பட்டனும், வளையாத டைமிங் கவரும் தேவை. ரோலர் லிஃப்டர் உயரம் என்பதால் புஷ்ராட் (லிஃப்டரின் அசைவை மேலே கொண்டுபோகும் கம்பி) குட்டையாக வேண்டும். எஃகு கேம் என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் கியரையும் அதற்கு ஏற்றதாக மாற்ற வேண்டும். இவ்வளவையும் கூட்டிப் பார்த்த பிறகும், நிறைய ஓட்டப்போகிற வண்டிக்கு நான் ரோலரையே சொல்வேன். அந்த முதல் இருபது நிமிடப் பயம் இல்லை. எப்போதாவது எடுக்கிற வண்டி, கையில் பணம் குறைவு என்றால் தட்டை லிஃப்டர் கேம் போதும், முதல் ஓட்டத்தை ஒழுங்காகச் செய்தால்.

1987-க்குப் பிந்தைய கார் பிளாக் என்று திறந்து பார்த்து உறுதியாகிவிட்டதா? யோசிக்காமல் தொழிற்சாலை வகை ரோலர் கேம். தகடும் ஸ்பைடரும் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. கார்புரேட்டரும் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பும் வைத்து ஓட்டுவதாக இருந்தால் மட்டும் ஆர்டர் கொடுக்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்தக் கேமில் பம்பை இயக்கும் லோப் இருக்கிறதா என்று. மின்சார பம்ப் வந்த காலத்துக் கேம்கள் பலவற்றில் அது இருக்காது.