பழைய பிக்கப்பில் இண்டிகேட்டர் லீவரை மாற்றிய பின்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

எனது பழைய பிக்கப்பில் ஸ்டியரிங்கின் பக்கத்தில் உள்ள காம்பினேஷன் சுவிட்சை மாற்றிச் சில ஆண்டுகள் ஆகின்றன. இண்டிகேட்டர், ஹை பீம், டிப்பர், வைப்பர் ஆகிய அனைத்தும் அந்த ஒற்றை லீவரில் அடங்கியிருப்பதால், அது ஒரே நாளில் செயலிழப்பதில்லை; ஒவ்வொன்றாகக் கைவிடுகிறது. முதலில், வளைவு முடிந்து ஸ்டியரிங் நேரான பின்னும் இண்டிகேட்டர் தானாக அணையவில்லை. பிறகு, லீவரைச் சற்று இழுத்துப் பிடித்தால்தான் ஹை பீம் எரிந்தது. இறுதியில் ஹெட்லைட்டே கணநேரம் அணைந்து எரியத் தொடங்கியது. இந்தக் கடைசி அறிகுறி தென்பட்டுவிட்டால், சுவிட்சை மாற்றும் வரை வண்டியை இரவில் எடுக்கவே கூடாது.

லீவரை வாங்குவதற்கு முன் ஹசார்டு சுவிட்சை, அதாவது எல்லா இண்டிகேட்டர்களையும் ஒருசேர மின்னச் செய்யும் எச்சரிக்கைச் சுவிட்சை, சோதித்துவிடுவது நல்லது. பழைய வண்டிகள் பலவற்றில் இண்டிகேட்டருக்கான மின்சாரம் ஹசார்டு சுவிட்சைக் கடந்துதான் லீவருக்கு வருகிறது. ஆகவே இரு பக்க இண்டிகேட்டர்களும் சேர்ந்தே எரியாமல் போனால், ஹசார்டைப் பலமுறை போட்டு அணைத்துப் பார்க்க வேண்டும். அதில் உயிர் வந்துவிட்டால் கோளாறு லீவரில் இல்லை.

மாற்றும் வேலை கடினமானதன்று, ஆனால் பொறுமை வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றிவிட வேண்டும். ஏர்பேக் உள்ள வண்டியானால், அதன் பிறகும் சில நிமிடங்கள் காத்திருந்தே ஸ்டியரிங் பகுதியைத் தொட வேண்டும். ஸ்டியரிங்கையே கழற்ற வேண்டிய அமைப்பாக இருந்தால், சக்கரங்களை நேராக நிறுத்தி, தண்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் சேர்த்து ஓர் அடையாளக் கோடு இட்டுக்கொள்வது அவசியம். ஆண்டுக்கணக்கில் வெயில் பட்ட பிளாஸ்டிக் உறை எளிதில் விரிசல் விடும் என்பதால், அதை நெம்பாமல் கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவித்தேன்.

கழற்றிய பழைய சுவிட்சைப் பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மையான காரணம் புலப்பட்டது. ஹெட்லைட்டுக்கான செப்புத் தொடுமுனை குழி விழுந்து கறுத்திருந்தது. அதைச் சுற்றியிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாகி உருகத் தொடங்கியிருந்தது. கிரீஸ் கெட்டியான பிசின் போல ஒட்டிக்கிடந்தது. அதே சுவிட்சில் இண்டிகேட்டரின் தொடுமுனைகளோ ஏறக்குறையப் புதிதாகவே இருந்தன. ஹெட்லைட்டில் உள்ள எச்4 வகை பல்பின் ஹை பீம் 60 வாட். இரண்டு பல்புகளுக்குமாக 120 வாட் என்றால், 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் மின்சாரம் அந்தச் சிறு தொடுமுனையைக் கடந்து செல்கிறது. தேய்மானத்தால் அங்கே தடை கூடும்போது வெப்பமும் கூடுகிறது. வெப்பம் தேய்மானத்தை மேலும் விரைவாக்குகிறது.

ஆகையால் லீவரை மாற்றியதோடு நிற்காமல், ஹெட்லைட்டின் லோ பீமுக்கும் ஹை பீமுக்கும் தனித்தனி ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கி, பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) பொருத்தினேன். இப்போது லீவர் ரிலேயின் சுருளை மட்டுமே இயக்குகிறது. அதற்கு ஓர் ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்கு கூடத் தேவைப்படாது. பல்புக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து, அருகிலேயே பொருத்திய ஃபியூஸ் வழியாக, தடித்த வயரில் நேராகச் செல்கிறது. பல்பைச் சென்றடையும் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும் என்பதால், ரிலே போட்ட அன்றிரவே சாலையில் வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது. இந்த ரிலே இல்லாமல் புதிய லீவரை மட்டும் மாற்றுவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நான் பொருத்தியது வண்டி நிறுவனத்தின் மூல உதிரிபாகம் அன்று, வேறு நிறுவனத்தின் தயாரிப்பு. லீவரின் அசைவில் பழையதிடம் இருந்த அழுத்தமான 'டக்' உணர்வு இதில் சற்றுக் குறைவு. முனையில் அச்சிட்டிருந்த குறியீடுகளும் விரல் பட்டுப் பட்டு மங்கிவிட்டன. ஆனால் இண்டிகேட்டர் இடம், வலம் இரண்டிலும் இன்றளவும் தவறாமல் தானாக அணைகிறது. நெடுநேர இரவுப் பயணத்திற்குப் பின் உறையைத் தொட்டுப் பார்த்தாலும் சூடு இல்லை. இந்தச் சோதனையில் தேறியதே எனக்குப் போதுமானது.

வைப்பர் மோட்டாரின் மின்சாரம் மட்டும் இன்னும் லீவர் வழியாகவே செல்கிறது. காய்ந்த கண்ணாடியில் பிளேடு உரசினால் மோட்டார் திணறி அதிக மின்சாரத்தை இழுக்கும். எனவே முதலில் நீரைத் தெளித்துவிட்டே வைப்பரைப் போடுகிறேன், கடினமாகிவிட்ட பிளேடுகளை மழைக்காலம் வரும் முன்பே மாற்றியும் விடுகிறேன்.